பீலிக்கு மேலே ஒரு கராஜ்: கழிவு ஒயிலுக்கு யார் காசு கொடுப்பது?

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் ஏ-7 வீதியில், திம்புள்ளப் பக்கம், வீதிக்கு மேலே ஒரு கராஜும் வீதிக்குக் கீழே ஒரு லயமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு கான். கராஜில் வாகனம் கழுவிய தண்ணீர் அந்தக் கானில் இறங்கி, லயத்து ஆட்கள் குளிக்கவும் துவைக்கவும் கூடும் பீலியின் ஓரமாகப் போய், ஓடையில் விழுந்து, கொத்மலை ஓயாவைத் தேடிப் போகிறது. சிறு வயதிலிருந்து நான் பார்த்துவரும் காட்சி இது. பழகிப் போனதால் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எழுத வைத்தவர் என் சித்தி. 1977 வன்செயலுக்குப் பிறகு இந்தத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனவர். பின்னர் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறி, 2009இல் அதையும் விட்டு முகாமுக்குப் போய்த் திரும்பியவர். மகளை ஏழாலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கடந்த மழைக்காலத்தில் ஒரு துக்க வீட்டுக்காக வந்தவர், பீலியடியில் நின்று கானைப் பார்த்தார். தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மிதந்து போனது. "தம்பி, இந்தத் தண்ணியையா குடிக்கிறீங்கள்?" என்று கேட்டார். குடிதண்ணீர் எடுக்கும் பீலி வேறு என்றேன். அவர் சமாதானமாகவில்லை. "மகளின்ர ஊரிலயும் முதல்ல ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவை. பிறகு பவுசர் வந்துதான் தண்ணி தந்தது."

சித்தி சொன்னது சுன்னாகத்தின் கதை. எண்ணெய் நிலத்துக்குள் போன பிறகு என்ன நடக்கும் என்பதை வடக்கு ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. எண்ணெய் நிலத்துக்குள் போகாமல் தடுக்க எரிபொருள் நிலையங்களுக்கும் கராஜ்களுக்கும் அரசு காசு கொடுக்கலாமா, கொடுத்தால் எதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால், அழுக்காக்கியவருக்குச் சுத்தம் செய்யக் கொடுக்கும் பரிசாக அது இருக்கக்கூடாது. திரும்பி வந்து சேரும் ஒவ்வொரு லீற்றர் கழிவு ஒயிலுக்கும் கொடுக்கும் விலையாக அது இருக்க வேண்டும்.

கராஜில் நடப்பது என்ன?

சித்தி போன பிறகு கராஜுக்குப் போனேன். அதை நடத்தும் இளைஞர் கீழே உள்ள லயத்திலேயே பிறந்தவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் முகம் மாறியது. பிறகு அவரே பேசினார். "மாசத்துக்கு ஒரு பெரல் சேருதுண்ணே. மரம் அறுக்கிற ஆளுங்க மிஷினுக்குக் கொஞ்சம் கேப்பாங்க. கொங்கிரீட் போடுறவங்க பலகையில பூச வாங்குவாங்க. கறையான் வராம இருக்கத் தூணுக்குப் பூசவும் எடுத்துட்டுப் போவாங்க. மிச்சம் அப்படியே கெடக்கும். பெரிய மழை வந்தா பெரல் நெறைஞ்சு வழிஞ்சுரும். நான் வேணும்னு கொட்டலண்ணே. கொட்டாத, கொட்டாதன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க கொண்டு போய்க் குடுக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்லல."

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. முச்சக்கரவண்டிக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ ஒருமுறை ஒயில் மாற்றினால் ஏறத்தாழ ஒரு லீற்றர் கழிவு. லொறிக்குப் பல மடங்கு. கொட்டகலை, லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று இந்தப் பள்ளத்தாக்கில் முச்சக்கரவண்டி இல்லாத தோட்டம் கிடையாது. ஓடிக் களைத்த ஒயிலில் என்ஜின் தேய்ந்த உலோகத் துகளும், எரிபொருள் எரிந்த கரியும், புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய சேர்மங்களும் கலந்திருக்கின்றன. ஒரு லீற்றர் கழிவு ஒயில் பத்து இலட்சம் லீற்றர் நீரைப் பாவனைக்கு உதவாததாக்கும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு.

ஆனால், அதே ஒயிலுக்கு மதிப்பும் உண்டு. என்ஜின் ஒயில் அழுக்காகிறதே தவிர அதன் அடிப்படை எண்ணெய் அழிந்து போவதில்லை. நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் வடித்து, சுத்திகரித்தால் மீண்டும் அடிப்படை எண்ணெயாகும். அது முடியாத இடத்தில் சீமெந்துச் சூளையின் உயர் வெப்பத்தில் எரிக்கலாம். புத்தளம் சீமெந்து ஆலையில் தொழிற்சாலைக் கழிவுகளை அப்படி எரிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் புத்தளம் மேற்குக் கரையில் இருக்கிறது, பெரல் திம்புள்ளவில் இருக்கிறது. இடையில் லொறிக் கூலி இருக்கிறது. ஒரு பெரலுக்காக யாரும் மலையேறி வர மாட்டார்கள்.

எரிபொருள் நிரப்பு நிலையத்தின் கதை சற்று வேறு. எங்கள் பக்கம் 'ஷெட்' என்றுதான் சொல்வோம். அங்கு ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தரையில் சிந்துவது. அதைப் பிடிக்க எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி வேண்டும். எண்ணெய் மேலே மிதக்க, அடியிலுள்ள நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். அந்தத் தொட்டியை அடிக்கடி வழித்தெடுக்காவிட்டால் மலைநாட்டு மழையில் அனைத்தும் கலந்து வெளியேறிவிடும். மற்றது நிலத்தடித் தாங்கி. இரும்புத் தாங்கி ஆண்டுகள் போகப் போகத் துருப்பிடிக்கும். அளவுகோலை இறக்கிப் பார்த்த கணக்கும் பம்பில் ஓடிய கணக்கும் பொருந்தாமல் போவதுதான் கசிவின் முதல் அடையாளம். அந்தக் கணக்கை ஷெட்காரர் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை.

சுன்னாகம் சொன்ன பாடம்

வடக்கில் வாழும் வாசகர்களுக்குச் சுன்னாகத்தை விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் மலையகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ளவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுன்னாகம் மின் நிலையப் பகுதியைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர்தான் குடிக்கவும் தோட்டம் செய்யவும். அந்த நீரில் எண்ணெய் என்றால் போக்கிடம் இல்லை. எண்ணெய் உண்டா இல்லையா, உண்டென்றால் அது யாருடையது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. மக்கள் பவுசருக்குக் காத்து நின்றார்கள்.

2015இல் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சுற்றாடல் செயற்பாட்டாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் வழக்குத் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் வழக்குப் போட்டது இங்கு மறக்கக்கூடாத விடயம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டின்படி, அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது.

இலங்கைச் சுற்றாடல் சட்டத்தில் அது பெரிய தீர்ப்பு. ஆனால், கிணற்றடியில் நின்று பார்த்தால் இன்னொரு கணக்கும் தெரியும். வழக்குப் போட்டதிலிருந்து தீர்ப்பு வரை நான்கு ஆண்டுகள். அந்த 2 கோடி ரூபா கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்யும் செலவின் ஒரு பகுதிக்கு உதவலாம். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் போன எண்ணெயை எந்தத் தொகையாலும் முழுமையாக வெளியே எடுக்க முடியாது. தண்டனை தேவைதான். ஆனால், அது எப்போதும் எண்ணெய்க்குப் பின்னால்தான் வருகிறது. எண்ணெய்க்கு முன்னால் போகக்கூடிய ஒன்று வேண்டுமானால், அது விலையாகத்தான் இருக்க முடியும்.

பிற நாடுகள் காசை எங்கே வைத்தன?

அமெரிக்கா 1986இல் நிலத்தடித் தாங்கிக் கசிவுகளுக்காக ஒரு நிதியம் தொடங்கியது. விற்கப்படும் ஒவ்வொரு கலன் எரிபொருளிலும் ஒரு சதத்தின் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. பல மாநிலங்கள் தனியாகவும் நிதியம் வைத்து, ஷெட்காரர் செய்யும் துப்புரவுச் செலவைத் திருப்பிக் கொடுத்தன. இதுவரை அந்நாட்டில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதி செய்யப்பட்டுள்ளன. பெரும்பாலானவை துப்புரவு செய்யப்பட்டும் விட்டன. காசு கிடைக்கும் என்பதால் சிறிய ஷெட்காரர்களும் கசிவை மறைக்காமல் அறிவித்தார்கள் என்பது அதன் நன்மை. தாங்கியைப் பொறுப்பில்லாமல் வைத்திருந்தவருக்கும் பொதுப்பணம் போனது என்பது அதன் குறை.

அவுஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புதிய ஒயிலைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் லீற்றருக்குச் சில சதம் தீர்வை கட்ட வேண்டும். அந்தக் காசு கழிவு ஒயிலை மீள்சுழற்சி செய்பவருக்கு லீற்றர் கணக்கில் போகிறது. முழுமையாகச் சுத்திகரித்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக்கினால் லீற்றருக்கு 50 சதம். வெறுமனே எரித்தால் மிகக் குறைவு. சிட்னியிலும் மெல்பனிலும் கராஜ் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது தெரியும். அங்கே ஒயிலை எடுத்துச் செல்ல வண்டி வரும்.

இந்தியாவும் 2023 செப்டெம்பரில் விதிகளைத் திருத்தி, புதிய ஒயில் விற்கும் நிறுவனங்களே குறிப்பிட்ட பங்கு கழிவு ஒயில் மீள்சுழற்சியாவதை உறுதி செய்ய வேண்டும் என்றது. 2024-25இல் 5 சதவீதத்தில் தொடங்கி, பின்னர் படிப்படியாக 50 சதவீதம் வரை உயர வேண்டும். அங்கு அரசு காசு கொடுக்கவில்லை. விற்றவரைத் திருப்பி எடுக்க வைக்கிறது.

எங்கள் லீற்றரில் ஏற்கெனவே இருக்கும் காசு

"நாடு வங்குரோத்தான பிறகு ஊக்குவிப்புக்கு ஏது காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2022இல் வரிசையில் நின்றதையும், கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுத்த எரிபொருளையும் யாரும் மறக்கவில்லை. அதற்கும் முன்பே, பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தும் வளர்ந்தவர்களுக்கு ஒரு லீற்றர் எரிபொருளின் அருமை தெரியும். 2025இல் அந்த லீற்றருக்கு நாம் கொடுத்த விலைக்குள் 50 ரூபா பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்கப் போனது. இதை அமைச்சரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். பழைய கடனுக்கு லீற்றருக்கு 50 ரூபாவைச் சுமந்த மக்களிடம், மண்ணுக்கும் தண்ணீருக்கும் சில சதங்கள் ஒதுக்க வழியில்லை என்று சொல்வது பொருந்தாது.

அரசு எரிபொருள் வியாபாரத்தை மறுசீரமைக்கத் தயங்கவும் இல்லை. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. வந்தது. 2023இல் சினோபெக் 150 நிலையங்களோடும் 20 ஆண்டு அனுமதியோடும் வந்தது. பின்னர் ஷெல் பெயரும் வந்தது. இவை அனைத்திலும் விலை, டொலர், பங்கு பற்றிப் பேசினோம். ஷெட்டுக்குக் கீழே இருக்கும் தாங்கிக்கு எத்தனை வயது, கசிந்தால் செலவு கூட்டுத்தாபனத்துடையதா, புதிய நிறுவனத்துடையதா, ஷெட்காரருடையதா என்ற கேள்வி பொதுவெளியில் பேசுபொருளாகவே இல்லை. ஷெட்காரரும் பணக்காரர் என்று எண்ணிவிடக்கூடாது. அவர் வருமானம் கொமிஷன்தான். 2025 மார்ச் தொடக்கத்தில் 3 சதவீதக் கொமிஷன் முறையை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் எரிபொருள் கோருவதை நிறுத்த, மீண்டும் வரிசைகள் தோன்றின. அந்தக் கொமிஷனுக்குள்ளேயே புதிய தொட்டியும் கட்டு என்றால், தொட்டி கடதாசியில்தான் கட்டப்படும்.

முகவரி இல்லாதவருக்கு ஊக்குவிப்பு இல்லை

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். தோட்டத்துக்கு மட்டும் பொருந்தும் சிக்கல் ஒன்று உண்டு.

சுற்றாடலுக்கான மலிவுக் கடன் இலங்கையில் புதிதல்ல. ஜப்பானின் உதவியோடு வந்த 'ஈ-ஃபிரெண்ட்ஸ்' திட்டத்தின் கீழ், மாசைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் வாங்கத் தொழில்முனைவோருக்குக் குறைந்த வட்டியில் வங்கிகள் ஊடாகக் கடன் கொடுக்கப்பட்டது. ஆனால், கடனுக்கு வங்கி பிணை கேட்கும். பதிவு கேட்கும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்கும் இடத்தின் உரித்தைக் காட்ட வேண்டும். எங்கள் கராஜ் இளைஞரிடம் என்ன இருக்கிறது? தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் அது கம்பனிகளின் கையில் இருக்கிறது. இருநூறு ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. அவருடைய கராஜ் நிற்கும் துண்டு நிலத்துக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாததால் அனுமதி இல்லை, அனுமதி இல்லாததால் கடனும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் இல்லை. அவருடைய ஒயில் மட்டும் இருக்கிறது.

கீழே உள்ள லயத்தின் நிலையும் இதுதான். சிறிய தொழில்களுக்கான சுற்றாடல் அனுமதியை வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் இருக்கிறது. ஆனால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, பிரதேச சபை தன் பணத்தில் தோட்டக் குடியிருப்புகளுக்கு வேலை செய்வதைத் தடுத்தே வைத்திருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது முப்பது ஆண்டுகளாக, மேலே வீதியோரக் கடைக்கு அனுமதி கொடுத்து வரி வாங்கிய சபைக்கு, அதன் கான் போய் விழும் பீலியைக் கட்டிக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதே 2018இல் கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் தனிப் பிரதேச சபைகள் வந்தன. சட்டம் மாறிவிட்டது. பீலித் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் வரவில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, காசை லீற்றருக்குக் கொடுக்க வேண்டும். இறக்குமதியாகும், உள்நாட்டில் கலக்கப்படும் ஒவ்வொரு லீற்றர் புதிய ஒயிலிலும் ஒரு சிறு தொகையை அறவிட்டு, அதைக் கழிவு ஒயில் கொண்டு வருபவருக்கே கொடுக்கலாம். உறுதியோ அனுமதிப்பத்திரமோ அவரிடம் கேட்கக்கூடாது. கான் ஓரத்துப் பெரலில் காசு இருக்கிறது என்று தெரிந்தால், அதற்கு மூடி தானாக வந்துவிடும். தண்ணீர் கலந்து அளவைக் கூட்டும் ஏமாற்று வேலையும் வரும். நீரைப் பிரித்த பிறகு மிஞ்சும் ஒயிலுக்கே விலை என்று வைத்தால் அதைத் தடுக்கலாம்.

இரண்டாவது, சேகரிக்கும் இடம் ஷெட்டாக இருக்கட்டும். எல்லா வீதியிலும் இருப்பது அதுதான். மூடிய தொட்டி ஒன்று வைத்து ஒயிலை வாங்கிச் சேர்க்கும் ஷெட்காரருக்கு லீற்றருக்கு ஒரு கூலி கொடுக்கலாம். புதிய ஒயில் இறக்க வரும் லொறி வெறுமையாகத்தான் திரும்புகிறது. கொட்டகலையில் எண்ணெய்க் களஞ்சியம் இருக்கிறது. அந்த இடத்தை இந்தப் பள்ளத்தாக்கின் சேகரிப்பு மையமாக்கினால், ஒரு பெரலுக்காக யாரும் மலையேற வேண்டியதில்லை.

மூன்றாவது, நிலத்தடித் தாங்கிக்கும் பிரிப்புத் தொட்டிக்கும் கொடுக்கும் உதவி நிபந்தனையோடு இருக்க வேண்டும். தாங்கியின் வயதையும் கணக்கையும் வெளியே காட்டுபவருக்குக் கொடுக்கலாம். மறைத்துப் பிடிபட்டவருக்குச் சுன்னாகத் தீர்ப்பு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. சிந்தியவரின் கடமையை அரசு விலைக்கு வாங்கினால், அடுத்தவரும் சிந்திவிட்டுத்தான் கை நீட்டுவார்.

நான்காவது, கணக்கைத் தண்ணீர் குடிப்பவரும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை ஷெட், கராஜ்களுக்குக் கீழே உள்ள பீலிகளையும் கிணறுகளையும் சோதித்து, முடிவைப் பிரதேச சபை வாசலிலும் தோட்டத்து அறிவித்தல் பலகையிலும் தமிழில் ஒட்ட வேண்டும். சுன்னாகத்தில் மக்கள் அதிகம் துன்பப்பட்டது எண்ணெயால் மட்டுமல்ல. எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமலும்தான்.

இது திம்புள்ளவோடு முடியும் விடயமல்ல. இந்தக் கான் கொத்மலை ஓயாவில் சேர்கிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை அதைத் தேக்குகிறது. பிறகு அது மகாவலி. மகாவலியின் கிளைதான் வெருகல். 2006இல் எந்த மதகு மூடப்பட்டதிலிருந்து கடைசிப் போர் தொடங்கியதோ, அந்த மாவிலாறும் இந்த மலைத் தண்ணீரால்தான் நிறைகிறது. எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சொட்டு ஒயில் அவ்வளவு தூரம் போகும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே தண்ணீரில்தான் இருக்கிறோம் என்று சொல்கிறேன்.

அந்தப் பெரலை எடுக்க ஆள் தேடி நான் நான்கு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். இருவர் எடுக்கவில்லை. ஒருவர் இருபது பெரல் சேர்ந்தால் வருவதாகச் சொன்னார். மற்றவர் கொழும்புக்குக் கொண்டு வந்து தரச் சொன்னார். இப்போது கராஜ் இளைஞர் பெரலைக் கானிலிருந்து தள்ளி வைத்து, மேலே பழைய தகரம் ஒன்று போட்டிருக்கிறார். பக்கத்துக் கராஜ்காரர்கள் மூவரிடமும் சேர்த்து வைக்கும்படி சொல்லியிருக்கிறாராம். இருபது பெரலுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் சித்தி தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, கான் எப்பிடி இருக்கு?" மழை இன்னும் பெரிதாகப் பெய்யவில்லை என்றேன்.